கேள்வி–பதில்: கொட்டாங்குச்சிக் கரி ஏன் கிராஃபைட் ஆவதில்லை?

டி.என்.ஏ. ஆய்வில் பேசப்படும் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஒரு கரி ஆராய்ச்சியாளர் என்று படித்தேன். சரிதானா?
– கல்லூரி மாணவி, திருச்சி

சரிதான். டி.என்.ஏ.வில் அவர் செலவிட்டது 1951 முதல் 1953 வரை, சுமார் இரண்டே ஆண்டுகள். நிலக்கரியிலும் கரியிலும் அதைப்போல் நான்கு மடங்கு காலம் உழைத்திருக்கிறார். 1942-ல், 22 வயதில், லண்டனை ஒட்டிய கிங்ஸ்டனில் இருந்த பிரிட்டிஷ் நிலக்கரிப் பயன்பாட்டு ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். நிலக்கரியின் அடர்த்தியை அளப்பதுதான் வேலை. கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் சூட்சுமம் அங்கேதான் இருந்தது. ஹீலியம் வாயுவில் அளந்தால் ஒரு எண் வரும். மூலக்கூறு பெரிதான ஹெக்சேன், பென்சீன் போன்ற திரவங்களில் அளந்தால் எண் குறையும். நிலக்கரித் துளைகளின் வாய் அவ்வளவு குறுகல்: ஹீலியம் நுழைந்துவிடும், பென்சீன் வெளியே நின்றுவிடும். நுழைய முடியாத இடமும் திடப்பொருளின் கணக்கில் சேர்வதால் அடர்த்தி குறைவாகத் தெரிகிறது. இந்த ஆய்வுக்கு 1945-ல் கேம்பிரிட்ஜ் முனைவர் பட்டம் தந்தது. 1947 முதல் 1950 வரை பாரிசில் ஜாக் மெரிங்கின் குழுவில் எக்ஸ் கதிர் முறையைக் கற்று, அதைக் கரிமேல் திருப்பினார்.

கொட்டாங்குச்சிக் கரியை 3000 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினாலும் கிராஃபைட் (பென்சில் முனையில் உள்ள அடுக்கடுக்கான கார்பன்) ஆகாதாமே. இரண்டும் கார்பன்தானே?
– செயலூட்டிய கரி ஆலை ஊழியர், காங்கேயம்

ஆகாது. 1951-ல் ஃபிராங்க்ளின் வெளியிட்ட முக்கியமான கட்டுரை இதைப் பற்றியதுதான். பெட்ரோலியம் கோக்கும் (எண்ணெய்க் கசடைச் சூடாக்கிப் பெறும் கரி) பி.வி.சி. கரியும் 2200 டிகிரிக்கு மேல் கிராஃபைட்டாக மாறுகின்றன. சர்க்கரைக் கரி 3000-லும் மசியவில்லை. முன்னதில் கார்பன் அடுக்குகள் ஏறக்குறைய ஒரே திசையில் படுத்திருக்கின்றன, இடையில் கட்டும் குறைவு. பின்னதில் சின்னச் சின்ன அடுக்குத் துணுக்குகள் திசைக்கொன்றாகக் கிடக்க, குறுக்குப் பிணைப்புகள் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. எவ்வளவு சூடாக்கினாலும் அவை திரும்பிப் படுக்க இடமில்லை.

கிராஃபைட் ஆகுமா ஆகாதா என்பது முடிவாவது 3000-ல் இல்லை, 500-க்குள். பிட்ச் (தாரைக் காய்ச்சினால் மிஞ்சும் கரும்பிசின்) 400 டிகிரியைத் தாண்டியும் குழம்பாகவே இருக்கும். அந்தக் குழம்பில் தட்டையான பெரிய மூலக்கூறுகள் நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்று படியும், பிறகுதான் கெட்டிப்படும். கொட்டாங்குச்சியின் முக்கியப் பொருள்களான செல்லுலோசும் லிக்னினும் உருகுவதேயில்லை. ‘சர்க்கரை உருகுகிறதே’ என்பீர்கள். உருகும், ஆனால் நீரை இழந்து பொங்கி, 400-க்கு வெகுமுன்பே பிணைந்து இறுகிவிடும். உங்கள் ஆலைக்கு இந்தக் கோளாறுதான் வரம். அடுக்குகள் ஒழுங்காகப் படியாததால் மிஞ்சும் நுண்துளைகளைத்தான் நீராவி விட்டு அகலப்படுத்தி விற்கிறீர்கள்.

எங்கள் ஆய்வகத்துக் குழாய் உலை 1000 டிகிரி வரைதான் போகும். இந்த வேறுபாட்டைக் காட்ட முடியுமா?
– வேதியியல் ஆசிரியர், விருதுநகர்

முடியும். பி.வி.சி. பிசின் தூள் 10 கிராம், சர்க்கரை 10 கிராம் போதும். பைப் துண்டை வெட்டிப் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கும், சாம்பல் உங்கள் அளவீட்டைக் கெடுக்கும். நைட்ரஜன் ஓட்டத்தில் 500 வரை நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம், அதன்பின் 5 டிகிரி வீதம் ஏற்றி, உச்சியில் ஒரு மணி நேரம் வையுங்கள். சர்க்கரை பொங்குமாதலால் கிண்ணத்தில் கால்வாசிக்கு மேல் வேண்டாம். முதலில் 300-ல் கரித்து, பொடித்து, பிறகு மேலே ஏற்றுங்கள்.

பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் ஹைட்ரஜன் குளோரைடாகவே வெளியேறும். புகைபோக்கியின் கீழ்தான் செய்ய வேண்டும், குழாய் குவார்ட்ஸாக இருக்க வேண்டும். வெளிவரும் வாயுவைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் விடுங்கள். இடையில் ஒரு காலி பாட்டில் கட்டாயம். அது இல்லையென்றால், உலை ஆறும்போது கரைசல் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுச் சூடான குழாயை உடைத்துவிடும்.

பிறகு இரண்டையும் எக்ஸ் கதிர் விளிம்பு வளைவுக் கருவியில் பாருங்கள். இங்கே டிகிரி என்பது கதிர் சிதறும் கோணம், முகடு என்பது கதிர் வலுவாகத் தெரியும் இடம். தாமிர எக்ஸ் கதிரில் பி.வி.சி. கரியின் முகடு 25 டிகிரியைத் தாண்டி நிற்கும். சர்க்கரைக் கரி 23-ஐ ஒட்டி அகன்ற மேடாகத் தெரியும். கிராஃபைட்டுக்கு 26.5. கார்பன் எக்ஸ் கதிரை அதிகம் தடுக்காததால், மாதிரி தடிமனாக இருந்தால் முகடு சிறிய கோணம் பக்கம் நகர்ந்து ஏமாற்றும். சிலிக்கான் தூளைக் கொஞ்சம் கலந்து, அதன் 28.44 டிகிரி முகட்டைக் கொண்டு திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் மரக்கரி மாதிரியில் அகன்ற மேட்டின் மேல் 26.5 அருகே கூர்மையான முகடு வருகிறது. கிராஃபைட் கிடைத்துவிட்டதா?
– ஆய்வு மாணவர், கோவை

கொண்டாடுமுன் இரும்பைத் தேடுங்கள். எஃகு அரைவையிலிருந்தோ கிண்ணத்திலிருந்தோ வந்த துகள்கள் கார்பனைக் கரைத்து, அடுக்கடுக்காகத் திரும்பக் கக்கும். அதனால் 1000 டிகிரியிலேயே அங்கங்கே கிராஃபைட் உருவாகும். கரிக்கும் முன்பே மரத்தூளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, எஃகு படாமல் அகேட் என்ற கடினக் கல்லால் ஆன கலுவத்தில் அரைத்துத் திரும்பச் செய்யுங்கள். கரித்த பிறகு கழுவினால் இரும்புதான் போகும், உருவான கிராஃபைட் அங்கேயே இருக்கும். முகடு மறைந்தால் அது இரும்பின் வேலை. மறையாவிட்டால், மணலில் உள்ள குவார்ட்ஸின் முகடும் 26.6-ல்தான் என்பதை நினைவில் வைத்து மணலைச் சந்தேகியுங்கள்.