சிம்பாவின் அப்பா ஏன் எழுந்திருக்கவில்லை?

என் மகனுக்கு ஐந்து வயது. சென்ற வாரம் வீட்டில் ‘தி லயன் கிங்’ பார்த்தான். அப்பா சிங்கம் இறந்ததும் தேம்பித் தேம்பி அழுதான். என் கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர். அன்றிலிருந்து அவருடைய சட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான். “பச்சைப் பிள்ளைக்கு இதையெல்லாம் யார் காட்டச் சொன்னது?” என்று மாமியார் கோபிக்கிறார். ஆனால் அவனோ மறுபடி அந்தப் படத்தைத்தான் கேட்கிறான். அந்தக் காட்சியை மட்டும் ஓட்டிவிட்டுப் போட்டுக் காட்டலாமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

ஓட்டிவிடாதீர்கள், அம்மா. மறுபடி கேட்கிறான் என்றால் அவனுக்கு அங்கே ஏதோ முடியாமல் நிற்கிறது.

நான் 31 ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் படம் போடுகிறேன். 1994-இல் வந்த இந்தப் படத்தை அவர்களோடு பலமுறை பார்த்துவிட்டேன். அந்தக் காட்சி வரும்போது என் கண் பிள்ளைகளின் முகத்தில்தான் இருக்கும். காட்டுமாட்டுக் கூட்டம் மிரண்டு பாயும்போது யாரும் அழுவதில்லை; நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். புழுதி அடங்கிய பிறகுதான் முகம் மாறும். குட்டிச் சிங்கம் சிம்பா அப்பாவை முட்டிப் பார்க்கிறான். எழுந்திருக்கச் சொல்கிறான். காதைக் கவ்வி இழுக்கிறான். உதவிக்கு யாராவது வாருங்கள் என்று கத்துகிறான், யாரும் வரவில்லை. கடைசியில் செத்துக் கிடக்கும் அப்பாவின் முன்னங்காலுக்கு அடியில் நுழைந்து படுத்துக்கொள்கிறான். உங்கள் மகன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்குவதும் இதுதான்.

அடுத்து வருவதைப் பெரியவர்கள் கவனிப்பதே இல்லை. அப்பா சிங்கம் முஃபாசாவைக் கொன்ற சித்தப்பா ஸ்கார் வந்து, உன்னால்தான் ராஜா இறந்தார், உன் அம்மா என்ன நினைப்பாள் என்று குழந்தையிடமே சொல்கிறான். ஓடிப் போ, திரும்பி வராதே என்கிறான். தான் அடம் பிடித்ததால், கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னதால் ஒருவர் இறந்துவிடுவார் என்று குழந்தைகள் நம்பக்கூடிய வயது ஐந்து. அப்பா கிளம்பிய அன்று உங்கள் மகன் அவரிடம் ஏதாவது கோபித்துக்கொண்டானா என்று யோசித்துப் பாருங்கள்.

மறுபடி போடும்போது அவனை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். எங்கள் நூலகத்தில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்த இடத்தில் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு காதை மட்டும் இறுகப் பொத்திக்கொண்டான். குளம்படி ஓசையும் இசையும்தான் அவனை உலுக்கியிருக்கின்றன. ஸ்கார் பேசி முடித்ததும் படத்தை நிறுத்தி, “சிம்பாவின் மேல் தப்பு இருக்கிறதா?” என்று கேளுங்கள். அவனே பதில் சொல்லட்டும், அவசரப்படாதீர்கள். அப்பாவுக்கு ஒன்றுமே ஆகாது என்று சத்தியம் செய்ய வேண்டாம். “அப்பா கவனமாக ஓட்டுகிறார். ராத்திரி சாப்பிட வண்டியை நிறுத்தும்போது உன்னோடு பேசுவார்” என்று சொல்லுங்கள். சொன்னபடி போன் வந்தாக வேண்டும். அதை உங்கள் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

மாமியாரிடம் நல்லதங்காள் கதையைக் கேட்டுப் பாருங்கள். அண்ணி மூளி அலங்காரி சோறு போடாமல் விரட்டியதும், ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தாயும் குதித்ததும் அவருக்குத் தெரிந்திருக்கும். அதைக் கேட்ட வயதில் அவர் யார் மடியில் படுத்திருந்தார் என்றும் கேளுங்கள்.

கார்ட்டூன் படங்களில் ஏன் எப்போதும் அம்மாவையோ அப்பாவையோ கொன்றுவிடுகிறார்கள்? வேறு கதையே கிடைக்காதா?
– ஒரு வாசகர், கோவை

உங்கள் கணக்கு தப்பில்லை. பி.எம்.ஜே. என்ற பிரிட்டன் மருத்துவ இதழில் 2014 டிசம்பரில் ஓர் ஆய்வு வந்தது. குழந்தைகளுக்கான 45 அனிமேஷன் படங்களைப் பெரியவர்களுக்கான 90 படங்களோடு ஒப்பிட்டார்கள். முக்கியப் பாத்திரம் இறக்கும் வாய்ப்பு குழந்தைகள் படத்தில் இரண்டரை மடங்கு. நாயக நாயகியரின் பெற்றோர் இறப்பதோ ஐந்து மடங்கு.

அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளை காட்டுக்குள் தனியாகப் போகாது, போகாவிட்டால் கதை இல்லை. பழைய கதைகள் எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன. ‘ஃபைண்டிங் நீமோ’வில் (2003) படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே தாய் மீனும் நூற்றுக்கணக்கான முட்டைகளும் சீலா மீனுக்கு இரையாகின்றன. மிஞ்சுவது ஒரே ஒரு முட்டை. அந்த அப்பா மீன் ஏன் பிள்ளையை ஓர் அடிகூட நகர விடுவதில்லை என்பது அதனால்தான் நமக்குப் புரிகிறது. இங்கே சாவு கதைக்கு வேர்.

1942-இல் வந்த ‘பாம்பி’யின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பனியில் முளைத்த முதல் புல்லைத் தாய் மானும் குட்டியும் மேய்கின்றன. தாய் தலை தூக்குகிறது, ஓடு என்கிறது, துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. வேடனையும் காட்டவில்லை, தாயின் உடலையும் காட்டவில்லை. கொட்டும் பனியில் அம்மா, அம்மா என்று தேடும் குட்டி மட்டும்தான். இவ்வளவு கண்ணியமாக எடுத்த காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் தந்தை மான் வந்து, உன் அம்மா இனி உன்னோடு இருக்க முடியாது என்கிறது. அவ்வளவுதான். அடுத்த நொடி வசந்தம், பறவைகள், பாட்டு! அழ ஆரம்பித்த குழந்தை அந்தப் பாட்டுக்கு நடுவில் தனியாக விடப்படுகிறது. என் சனிக்கிழமைக் காட்சியில் அங்கே படத்தை நிறுத்திவிடுவேன். “பாம்பியின் அம்மா செத்துப்போய்விட்டாள்” என்று நான் சொல்வேன். அதற்குப் பிறகுதான் கேள்விகள் வரும்.

ஜப்பானிய அனிமேஷன் படம் ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்’ மிக நல்ல படம் என்கிறார்கள். எட்டு வயதுப் பேத்திக்குக் காட்டலாமா?
– ஒரு வாசகர், சென்னை

வேண்டாம், ஐயா. நல்ல படம்தான், இசாவோ தகஹாட்டா 1988-இல் எடுத்தது. 1945-இல் கோபே நகரத்தின் மேல் குண்டு மழை பொழிகிறது. தாயை இழந்த 14 வயது அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் பட்டினியில் சிறிது சிறிதாகத் தேய்கிறார்கள். பசியில் அந்தக் குழந்தை கண்ணாடிக் கோலியை மிட்டாய் என்று சப்புகிறது. அண்ணன் தான் இறந்த தேதியைத் தானே சொல்வதில்தான் படம் தொடங்குகிறது. எட்டு வயதில் அதைத் தாங்கிக்கொள்ள ஒரு பிடிமானமும் படத்துக்குள் கிடைக்காது. 14, 15 வயதாகட்டும், நீங்களும் கூட உட்காருங்கள்.

வரைந்த படம் என்பதாலேயே அது குழந்தைகள் படம் ஆகிவிடாது. முயல்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும் ‘வாட்டர்ஷிப் டவுன்’ (1978) பிரிட்டனில் 40 ஆண்டுகளுக்கும் மேலாக எல்லோரும் பார்க்கலாம் என்ற சான்றிதழோடுதான் ஓடியது. நம் நாட்டில் 2024-இலிருந்து யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று பிரித்திருக்கிறார்கள். அந்த எண்ணைப் பாருங்கள். அதைவிட, படத்தை நீங்கள் முதலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு மாதம் முன்பு என் அம்மா இறந்துவிட்டார். அவர் ஊட்டினால்தான் என் ஏழு வயது மகள் சாப்பிடுவாள். பாட்டி சாமியிடம் போயிருக்கிறார் என்று சொன்னோம். எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ‘கோகோ’ படம் காட்டினால் புரியுமா, இன்னும் கலங்கிவிடுவாளா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

முதலில், “போயிருக்கிறார்” என்ற சொல்லைத் திருத்துங்கள். போனவர் வருவார் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த தமிழ். என் வகுப்பில் ஒரு சிறுமி, வீட்டில் “தாத்தா தவறிவிட்டார்” என்று பேசக் கேட்டுவிட்டு வந்து, “டீச்சர், தாத்தா என்ன தவறு செய்தார்?” என்றாள். அன்றிலிருந்து பிள்ளைகளிடம் நான் சுற்றி வளைப்பதில்லை. பாட்டி இறந்துவிட்டார், அவர் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வரமாட்டார், அதனால் எனக்கும் அழுகை வருகிறது என்று சொல்லுங்கள். அவள் எதிரில் அழுதாலும் பாதகமில்லை.

அதன் பிறகு 2017-இல் வந்த ‘கோகோ’வைத் தாராளமாகக் காட்டலாம். இறந்தவர்களின் படங்களை வைத்துப் படையல் இடும் மெக்சிகோ வீடு அவளுக்கு அந்நியமாகவே தெரியாது. பாடகர் ஒருவர் மேல் பெரிய மணி விழுந்து சாகும் இடத்தையும், நண்பனே நஞ்சு கொடுத்ததையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னொன்றில் கவனம் வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் மறந்துவிட்டால் இறந்தவர்கள் இரண்டாம் முறை மறைந்துபோவார்கள் என்று படம் சொல்கிறது. நான் மறந்துவிட்டால் பாட்டிக்கு என்ன ஆகும் என்று அவள் பயப்படலாம். அது கதைக்காகச் சொன்னது, நீ விளையாடப் போனாலும் பாட்டிக்கு ஒன்றும் ஆகாது என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

படம் பார்க்கிற அன்று இரவு உங்கள் அம்மா வைக்கும் குழம்பு ஒன்றைச் செய்யுங்கள். பாட்டி வைத்த மாதிரி இருக்கிறதா, உப்பு போதுமா என்று அவளிடம் கேளுங்கள்.