பழைய வாஷிங் மெசினும் திருமலை உப்புக் காத்தும் - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, திருகோணமலை உட்துறைமுக வீதியில எங்கட அப்பப்பாட வீட்டுப் பின் அறைக்குள்ள ஒரு பழைய ஹூவர் வாஷிங் மெசின் கிடக்கு. மேல கையால சுத்துற ரெண்டு ரப்பர் உருளை, அதுக்குள்ளால உடுப்பு பிழிஞ்சு வருமாம் எண்டு அப்பம்மா சொல்லுவா. கறள் பிடிச்சிருக்கு, ஆனா வயர் நல்லா இருக்கிற மாதிரித் தெரியுது. பிளக்கக் குத்திப் பாக்கட்டா?

பதில்: குத்தாதீங்க தம்பி. வெளியில நல்லாத் தெரியுற வயர்தான் ஏமாத்தும், அந்தக் காலத்து ரப்பர் வயர் மெசினுக்குள்ள போற இடத்தில காய்ஞ்சு கிடக்கும், வளைச்ச உடன பழைய பிஸ்கட் மாதிரி உதிரும், உதிர்ந்தா செம்புக் கம்பி நேர தகரத்தில முட்டும், நீங்க ஈரக் காலோட நிண்டு அதத் தொடுவீங்க.

கையால சுத்துற உருளை எண்டா ஹூவர்ட ஆரம்பகால மெசின்தான். வேல்ஸ்ல மேர்தர் டிட்ஃபில் எண்ட ஊரில 1948ல ஹூவர்ட வாஷிங் மெசின் ஃபெக்டரி திறந்தாங்க, அந்தக் காலத்துச் சின்ன மெசின்ல தொட்டிட பக்கச் சுவரில ஒரு தட்டு சுத்தித்தான் தண்ணியக் கலக்கும். பிரிட்டிஷ் கடற்படை 1957 வரைக்கும் திருமலையில இருந்தது, உங்கட மெசினும் அந்த வழியில வந்ததா இருக்கலாம், அப்பம்மாட்ட கேட்டு இப்பவே எழுதி வைங்க, அந்தக் கதையும் மெசின்ட ஒரு பாகம்தான்.

கழட்ட முதல் ஒவ்வொரு பக்கமும் போனில படம் எடுங்க. கப்பாசிட்டர் (மோட்டருக்கு கரண்ட சேத்து வைக்கிற சின்ன டப்பா) இருந்தா கரண்ட் இல்லாட்டியும் அதுக்குள்ள சார்ஜ் நிக்கும், எலக்ட்ரீசியன் இறக்கித் தரும் வரைக்கும் கை வைக்க வேணாம். வயர் முழுக்க மாத்தி, எர்த்தோட மூண்டு கம்பி வயர் போடுங்க. பழைய பிரிட்டிஷ் வயர்ல சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மோட்டர கழட்டி மோட்டர் கட்டுற கடையில குடுத்து மெகர் (கரண்ட் வெளிய கசியுதோ எண்டு பாக்கிற மீற்றர்) வச்சுப் பாக்கச் சொல்லுங்க, கடல்பக்க வீட்டில வருசக்கணக்கில கிடந்த சுருளுக்குள்ள ஈரமும் உப்பும் கட்டாயம் இருக்கும். அதெல்லாம் சரி எண்டா முதல் தரம் எலக்ட்ரீசியன பக்கத்தில வச்சுக்கொண்டு, ட்ரிப் சுவிட்ச் உள்ள லைன்ல, ஒரு பழைய குண்டு பல்ப சீரியஸ்ல, அதாவது மோட்டருக்குப் போற கரண்ட் பல்புக்குள்ளால போற மாதிரிப் போட்டு ஓட விடுங்க, எல்ஈடி சரிவராது. உள்ள ஷோர்ட் எண்டா பல்ப் முழு வெளிச்சத்தில எரியும், மோட்டர் தப்பும்.

கறளுக்கு வருவம். நிறையப் பேர் நேர பெயின்ட் அடிக்கிறாங்க, உப்பு உள்ள இருக்கேக்க மேல பெயின்ட் அடிச்சா அது கீழாலயே அரிச்சுக்கொண்டு போகும். முதல்ல நல்ல தண்ணியில திரும்பத் திரும்பக் கழுவி வெயில்ல காய வைங்க, பிறகுதான் சுரண்டுறது. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அதால காய்ஞ்ச சேண்ட் பேப்பர் வேணாம், ஈரமாத் தேயுங்க, மாஸ்க் போடுங்க, பிள்ளைகள் கிட்ட வர வேணாம். தொட்டியில காந்தம் ஒட்டாட்டி அலுமினியமா இருக்கலாம், அதில சலவைச் சோடா போட்டா அரிச்சுப் போடும்.

உருளைய வேலை முடிஞ்ச உடன தளர்த்தி வைங்க, இறுக்கி விட்டா ரப்பர் ஒரு பக்கம் தட்டையாப் போயிரும்.

கேள்வி: கனடாவில இருக்கிற மச்சான் மேடாக் எண்ட அமெரிக்கக் கம்பனிட ஒரு பழைய வாஷிங் மெசின் அனுப்புறன் எண்டு நிக்கிறார். ட்ரான்ஸ்போமர் போட்டா இங்க ஓடுமா? (நிலாவெளி வாசகி)

பதில்: ஓடும், ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல அக்கா. அங்க 120 வோல்ட் 60 ஹேர்ட்ஸ், இங்க 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ட்டத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸ மாத்தாது, அதால நிமிசத்துக்கு 1725 சுத்துற மோட்டர் 1425 அளவுக்கு இறங்கும், 120 வோல்ட்டையே குடுத்தா சூடேறும், 100 வோல்ட் கிட்டக் குடுக்கிறதுதான் பாதுகாப்பு. என்ட விருப்பம், இங்கத்தைய 230 வோல்ட் மோட்டர் ஒண்டப் பூட்டி, பழைய மோட்டர பத்திரமா துணியில சுத்தி வைக்கிறது. இன்னொண்டு, அமெரிக்க வயர்ல கறுப்புத்தான் லைவ், வெள்ளை நியூட்ரல். மேல சொன்ன ஹூவருக்கு இது நேர் எதிர், மாறிப் போனா உயிருக்கே ஆபத்து, எலக்ட்ரீசியனுக்கும் சொல்லி வைங்க.

அனுப்பச் சொல்லுங்க எண்டுதான் சொல்லுவன். மேடாக் 1922ல தொட்டிக்கு அடியில இருந்து உடுப்பக் கலக்குற தண்டக் கொண்டு வந்துதான் பேர் எடுத்தது, உருளை வச்ச மெசின 1983 வரைக்கும் செஞ்சாங்க, அதால பாகம் இன்னும் தேடி எடுக்கலாம்.

கேள்வி: புதுசு மாதிரி வெள்ளையா பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: எனாமல் உடையாம இருந்தா அடிக்க வேணாம். உடைஞ்ச இடத்துக்கு மட்டும் எபொக்ஸி வச்சு மூடுங்க, மிச்சத்த மெழுகு போட்டுத் துடைங்க, மழைக் காலத்தில மாசத்துக்கு ஒருக்கா மூடியத் திறந்து காத்து விடுங்க.