வாசகர் கேள்வி-பதில்: ரெட் வைனும் பார்டர் பரோட்டாவும்

ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு நாசிக் ஷிராஸ் ரெட் வைன் வாங்கினோம். முதல் வாயே எரிந்தது, நாக்கு வறண்டுபோனது. சரக்கு மட்டமா, குடிக்கும் முறை தப்பா? (குமுளி வாசகர்)

முதலில் பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள். 'அறை வெப்பத்தில் பரிமாறவும்' என்பது குளிர்நாட்டு வீடுகளுக்குச் சொன்னது. 30 டிகிரியில் ஆல்கஹால் நெடி முந்திக்கொண்டு பழ வாசனையை அமுக்கிவிடும், எரிச்சலும் அதனால்தான். ரெட் வைனுக்கு 16 முதல் 18 டிகிரி போதும். குமுளியில் மார்கழி இரவுக்கு ஃப்ரிட்ஜே வேண்டாம். மலையிறங்கிக் கம்பம் வந்துவிட்டால் முக்கால் மணி நேரம் உள்ளே வையுங்கள். இரவு முழுக்க வைத்தாலும் கெடுதல்தான்: வாசனை அடங்கித் துவர்ப்பு மட்டும் தூக்கலாக நிற்கும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றிச் சுழற்றி முகருங்கள். முதல் வாய் நாக்கைப் பழக்கத்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டாவது வாயை ஐந்தாறு விநாடி வாயிலேயே உருட்டுங்கள். கன்னத்தோரம் எச்சில் ஊறினால் புளிப்பு நன்றாக இருக்கிறது. ஈறு இழுத்துப் பிடித்தால் அது டானின். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருவது, எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறள்கிறது. கட்டன் சாயாவை (பால் சேர்க்காத டீயை) ரொம்ப நேரம் ஊறவிட்டால் வருமே, அதே துவர்ப்பு. அது குறையே இல்லை. வினிகர் நெடி, நனைந்த அட்டைப்பெட்டி வாடை, வெயிலில் வெந்த ஜாம் வாசனை, இவைதான் கெட்டுப்போனதற்கு அடையாளம். கடைசியது, வெயில் படும் அலமாரியில் நின்ற பாட்டிலில் அடிக்கடி வரும்.

பார்டர் பரோட்டா, பீஃப் வறுவல், குடம்புளி மீன்குழம்பு: ரெட் வைன் எதோடு சேரும்? (செங்கோட்டை வாசகர்)

பீஃப் வறுவலோடுதான், அதுவும் மிளகு போட்டதோடு. ஷிராஸில் சில சமயம் எழும் மிளகு வாசனைக்கு ரோட்டண்டோன் என்ற பொருள் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். நம் கறுப்பு மிளகிலும் அதே பொருள்தான் இருக்கிறது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினை ஏற்றுக்கொள்வதால் துவர்ப்பும் தணியும்.

பகையாளி மிளகாய்த்தூள். ஆல்கஹால் அதன் எரிச்சலை ஏற்றிவிடும், டானின் நாக்கை இன்னும் காயவைக்கும். அதனால் அரைக் கிலோ பீஃபுக்கு மிளகாய்த்தூள் அரை டீஸ்பூனோடு நிற்கட்டும். கொரகொரப்பாகப் பொடித்த மிளகு இரண்டு டீஸ்பூன், ஒரு கைப்பிடி தேங்காய்ப் பல். மிளகை இறக்கும்போது போடுங்கள், முதலிலேயே போட்டால் வாசனை பறந்துவிடும். உப்பு சரியாக இருக்கட்டும். உப்பு குறைந்தால் வைன் கூடுதலாகத் துவர்க்கும். பரோட்டாவின் எண்ணெய்ப்பசை வைனுக்கு ஒத்துப்போகும். ஆனால் காரச் சால்னாவை மேலே கொட்டிக்கொண்டு வைனைக் குறை சொல்லாதீர்கள்.

மீன்குழம்பை விட்டுவிடுங்கள். ரெட் வைனில் உள்ள இரும்பு, மீன் கொழுப்போடு சேர்ந்து வாயில் உலோகக் கவிச்சி அடிக்கும். குடம்புளியின் புளிப்புக்கு முன்னால் வைனும் சப்பென்று ஆகிவிடும்.

கிறிஸ்துமஸ் பிளம் கேக்கோடு? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

இனிப்பில்லாத ரெட் வைன் வேண்டாம். கேக்குக்குப் பிறகு குடித்தால் புளித்தண்ணீர் மாதிரி இருக்கும். கேக்கைவிட வைன் இனிப்பாக இருக்க வேண்டும். போர்ட் பாணி இனிப்பு வைன் பொருந்தும்.

பாதி மீந்த பாட்டிலை எத்தனை நாள் வைக்கலாம்? (செங்கோட்டை வாசகரே)

மூடி ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைத்தால் மூன்று நான்கு நாள். சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி வைத்தால் காற்றுப் படுவது குறைந்து இன்னும் ஓரிரு நாள் தாங்கும். அதற்குமேல் போனதைப் பீஃப் ஊறவைக்கப் பயன்படுத்தலாம்: அரைக் கிலோவுக்கு 50 மில்லி, ஒரு மணி நேரம். வினிகர் நெடி ஏறிவிட்டால் அளவைப் பாதியாக்குங்கள்.