புகை வருது, குளிர் வரலையே!
வாசகர் கேள்வி – பதில்

சித்திரை பொறந்தாலே நமக்கு வர்ற கேள்வியில பாதி வெயிலப் பத்திதான் இருக்கும். இந்த தடவை கையில பிடிக்கிற மிஸ்ட் ஃபேன், அதான் தண்ணியப் புகை மாதிரி தெளிக்கற குட்டி ஃபேன், அதப் பத்தி மட்டும் ஏகப்பட்டது வந்துருக்கு, அதனால மத்த எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன். மிக்ஸி சத்தம் போடுதுன்னு எழுதுனவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க.

கேள்வி: அண்ணா, நான் பாலக்கோடு பக்கம், பாலிடெக்னிக் கடைசி வருஷம். எங்கம்மா தக்காளி மண்டியில தரம் பிரிக்கிற வேலை பாக்கறாங்க, தகர ஷீட்டுக்கு அடியில மதியம் வரைக்கும் உக்காந்திருக்கணும். அவங்களுக்காகவே மிஸ்ட் ஃபேன ப்ராஜெக்ட்டா பண்ணலாம்னு ஒரு ரெடிமேட் பீஸ் ஆன்லைன்ல வாங்கிப் பாத்தேன். புகை மாதிரி நல்லாதான் வருது, ஆனா அம்மா "யாரோ மூஞ்சில ஊதற மாதிரி இருக்கு, குளிரு ஒண்ணும் தெரியலடா"ன்னுட்டாங்க. எதை மாத்தணும்ணா?

பதில்: தம்பி, உங்கம்மா சொன்னத அப்படியே ரிப்போர்ட்டோட மொத பக்கத்துல எழுதிடு, அதுக்கு மேல ஒரு டெஸ்ட் ரிசல்ட் உனக்கு எந்த லேப்லயும் கெடைக்காது.

அந்த ரெடிமேட் பீஸுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தியா? ஒரு ரூபாய் காசு சைஸுக்கு ஒரு பீசோ தகடு, அதாவது கரண்ட் குடுத்தா அதிர்ற தகடு, நடுவுல கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடி ஓட்டை. அது செகண்டுக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல அதிரும், பின்னாடி பஞ்சுத் திரி தண்ணிய இழுத்துக் குடுக்கும், முன்னாடி புகை வரும். பாக்க அழகு. ஆனா ஒரு மணி நேரம் முழுசா ஓடுனாலும் 30 மில்லி தண்ணி வெளிய வந்தா பெருசு, அதாவது நிமிஷத்துக்கு அரை மில்லி. இப்ப கணக்குப் போடு. 1 கிராம் தண்ணி ஆவியாக கிட்டத்தட்ட 2400 ஜூல் சூட்ட எடுத்துக்கும், அப்ப நிமிஷத்துக்கு அரை கிராம்னா செகண்டுக்கு 20 ஜூல், 20 வாட். சும்மா உக்காந்திருக்கற மனுஷ உடம்பே 100 வாட் சூடு விடுது, வேலை செஞ்சா அது மூணு மடங்குக்கும் போகும். அதுவும் அந்த 20 வாட்டும் உங்கம்மா மேல வராது, ஏன்னா அந்தத் துளி அவ்ளோ சின்னது, நம்ம ஊரு காஞ்ச காத்துல முகத்துக்கு வர்றதுக்குள்ளயே ஆவியாயிடும், அப்ப குளிர்றது காத்து, தோலு இல்ல. 10 சென்டிமீட்டர் ஃபேன் செகண்டுக்கு 3 மீட்டர் வேகத்துல தள்ளுனா செகண்டுக்கு 26 கிராம் காத்து போகுது, அத 20 ஜூல வெச்சு குளுத்துனா ஒரு டிகிரிகூட எறங்காது, முக்கால் டிகிரிதான். 40 டிகிரி காத்து 39 சொச்சமா வந்து மூஞ்சில அடிக்குது. ஊதற மாதிரி இருக்குன்னு அம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரி.

இத மாத்தணும்னா தண்ணி தோல் மேலயே உக்காரணும், அங்க இருந்து ஆவியாகணும், அப்பதான் சூட்ட தோல்ல இருந்து புடுங்கும். எங்க பாட்டி வெட்டிவேர் விசிறில தண்ணி தெளிச்சு விசிறுவாங்க, விசிறுறப்ப நாலு சொட்டு கழுத்துல தெறிக்கும் பாரு, அந்த எடம்தான் ஜில்லுனு இருக்கும். அதத்தான் நீ பண்ணப் போற.

கண்ணாடி தொடைக்கற பாட்டில்ல இருக்குமே, அந்த விரலால அழுத்துற ஸ்ப்ரே, அத எடுத்துக்கோ. நான் கடையில உக்காந்து ஒரு தம்ளருக்குள்ள 20 தடவை அழுத்தி சிரிஞ்சுல இழுத்துப் பாத்தேன், 18 மில்லி வந்துச்சு. அதாவது ஒரு அழுத்துக்கு ஒரு மில்லிக்குக் கொஞ்சம் கம்மி, உன் புகை மிஷின் ரெண்டு நிமிஷம் ஓடி தர்றத இது ஒரே அழுத்துல தருது, பேட்டரியும் திங்காது. துளி பெருசு, அதனால காத்துல கரையாம முகம் வரைக்கும் வந்து ஒட்டும். மூஞ்சிக்கு ஒண்ணு, ரெண்டு முழங்கைக்கும் ஒவ்வொண்ணு, பின்கழுத்துக்கு ஒண்ணு அடிச்சிட்டு ஃபேன மட்டும் காட்டுனா போதும், காஞ்சதும் மறுபடி.

எங்க எத வெக்கறதுன்னு பாக்கலாம், இங்கதான் எல்லாரும் சொதப்புவாங்க. ரெடிமேட்ல பேட்டரி கைப்பிடில இருக்கும், தண்ணி டேங்க் தலையில இருக்கும், வாஷர் லேசா தேஞ்சா தண்ணி நேரா பேட்டரிக்கு எறங்கும். என் கடைக்கு ரிப்பேருக்கு வந்த ஆறுல நாலு இதே கேஸ்தான், தொறந்தா சார்ஜிங் போர்டு பச்சை புடிச்சிருக்கும். நீ தலைகீழா பண்ணு. 200 மில்லி பாட்டிலே கைப்பிடி, அது மேல ஸ்ப்ரே, அதுக்கும் மேல ஃபேன், ஃபேனுக்கு முதுகுப் பக்கம் பேட்டரி டப்பா. தண்ணி ஒழுகுனா தரையிலதான் விழும். ஸ்ப்ரே மூக்கு ஃபேனோட றெக்கைக்கு முன்னாடி அரை அங்குலமாவது நீட்டிட்டு இருக்கணும், பின்னாடி வெச்சா றெக்கை நனஞ்சு மோட்டார்ல தண்ணி எறங்கி ஒரு மாசத்துல கிரீச்சுனு கத்தும். பாட்டில் வாங்கறப்ப ஸ்ப்ரே மூடிய அங்கேயே திருகிப் பாத்து வாங்கு, ரெண்டும் 28 மில்லிமீட்டர்னு சொல்லித்தான் குடுப்பாங்க, ஆனா மரை ஒண்ணுக்கொண்ணு சேராது, நான் ஏமாந்துருக்கேன்.

ஃபேனுக்கு பழைய கம்ப்யூட்டர்ல இருக்கற 80 மில்லிமீட்டர் 12 வோல்ட் ஃபேன் நல்லாருக்கும், அதுல பிரஷ் கெடையாது, பொறி பறக்காது, ரெண்டு ரெண்டரை வாட்தான் இழுக்கும். பேட்டரி ஒரு 18650 செல், உருளையா இருக்கற லித்தியம் செல், 3.7 வோல்ட்டுக்கு 2600 மில்லி ஆம்பியர் ஹவர்னா 9.6 வாட் ஹவர் ஆச்சு. வோல்ட்ட 12-க்கு ஏத்தற குட்டி போர்டு கொஞ்சம் தின்னாலும் மூணு மணி நேரம் ஓடும், மண்டியில காலை வேலைக்கு அது போதும். சார்ஜ் ஓட்டை கீழ் பாத்து இருக்கட்டும், டப்பா அடியில ஒரு ஊசி ஓட்டை விடு, உள்ள போன தண்ணி வெளிய வர வழி வேணும்ல. போர்டு மேல ரெண்டு கோட் நெயில் பாலிஷ் அடிச்சிடு, சிரிக்காத, நெஜமா வேலை செய்யும், ஆனா சார்ஜ் பின்னுல படாம பாத்துக்கோ. பழைய லேப்டாப் பேட்டரிய உடைச்சு செல் எடுத்து நேரா சால்டரிங் அயர்ன வெக்கறவங்களப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்கும், அத மட்டும் பண்ணாத, ரெண்டு முனையிலயும் தகடு பத்தை வெச்சு வெல்ட் பண்ணி வர்ற செல்லா, பாதுகாப்பு போர்டோட வாங்கிக்கோ. முன்பக்கம் கம்பி வலை மறக்காத, கம்ப்யூட்டர் ஃபேன் றெக்கை விரல வெட்டும்.

ஒண்ணு மட்டும் யோசி, தரம் பிரிக்கறவங்களுக்கு ரெண்டு கையும் வேலையில இருக்கும். கீழ வெச்சா நிக்கற மாதிரி பாட்டில் அடி அகலமா இருக்கணும், இல்லன்னா ஒரு கொக்கி போட்டு கூடை விளிம்புல மாட்டற மாதிரி பண்ணு. அத அம்மாகிட்டயே கேட்டுட்டுப் பண்ணு.

கேள்வி: பென்னாகரத்துல இருந்து எழுதறேங்க. என் தம்பி சென்னையில வேலை பாக்கறான், இதே ஃபேன வாங்கிட்டு "சுத்த வேஸ்ட்டு, ஒடம்பு பிசுபிசுன்னு ஆகுது"ங்கறான். நான் எங்கூர்ல அடிச்சா நல்லாத்தான் இருக்கு. யாரு சொல்றது சரி?

பதில்: ரெண்டு பேரும் சரிங்க. தெர்மாமீட்டர் நுனியில ஈரத்துணி சுத்தி காத்துல காட்டுனா அது எவ்ளோ எறங்குதோ அதுதான் இந்த ஃபேனால முடியற எல்லை. 40 டிகிரி வெயிலு, ஈரப்பதம் 20 சதவீதம்னா, நம்ம பக்கம் கோடை மதியத்துல அப்படித்தான இருக்கும், அந்த ஈரத்துணி 23 டிகிரி கிட்ட வந்து நிக்கும், 17 டிகிரி எறக்கம். கடலோரத்துல 34 டிகிரி, ஈரப்பதம் 65-ன்னா அது 28-க்குக் கீழ போகாது, எறங்கறதே ஆறு டிகிரிக்குள்ளதான். வெயில் கம்மி, ஆனா காத்துல ஏற்கனவே தண்ணி, நீங்க அடிக்கறது போக எடமில்ல, தோல் மேலயே நிக்கும். மண்பானை தண்ணி இங்க ஜில்லுனு இருக்கறதும் அங்க ஏனோதானோன்னு இருக்கறதும் இதே கதைதான். தம்பிக்கு அந்த ஃபேன்ல மிஸ்ட்ட ஆஃப் பண்ணிட்டு வெறும் காத்த மட்டும் வாங்கச் சொல்லுங்க.

கேள்வி: ஓசூர்ல இருக்கேன். எனக்கு இது தேவைப்படுமா?

பதில்: ஏங்க வயித்தெரிச்சலக் கொட்டிக்கறீங்க, நீங்க 900 மீட்டர் ஒசரத்துல உக்காந்துட்டு! தொப்பூர்ல ஒரு நாள் மதியம் பைக்க நிறுத்திட்டு நின்னு பாருங்க, அப்பறம் எழுதுங்க.

கேள்வி: காரிமங்கலம் பக்கம்ணா. நான் வாங்குன மிஸ்ட் ஃபேன் பத்தே நாள்ல புகை வர்றது நின்னு போச்சு. வந்த வரைக்கும் மேஜை மேல, மூக்குக் கண்ணாடி மேல எல்லாம் வெள்ளை வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சுது. கம்பெனில கேட்டா "நீங்க யூஸ் பண்ண தண்ணி சரியில்ல"ன்னு சொல்லி கைய விரிச்சிட்டாங்க.

பதில்: போர் தண்ணி ஊத்துனீங்களா? ஊத்திருப்பீங்க. கம்பெனிக்காரன் சொன்னது உண்மைதான், ஆனா அத டப்பா மேல அச்சடிச்சு வித்துருக்கணும், வாங்கினப்பறம் சொல்லக்கூடாது.

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் நெறைய எடத்துல போர் தண்ணி கடினம், சோறு வடிக்கற பாத்திரத்துல வெள்ளையா பொரை கட்டுமே, அதே சுண்ணாம்புதான். ஆவியாகறது தண்ணி மட்டும்தான், உப்பு ஆவியாகாது, துளியோட வெளிய போனது மாவா படியும், மிச்சம் மெஷின் ஓட்டையில தங்கிடும். ஓட்டையோ முடியவிட பல மடங்கு சின்னது, பத்து நாள் தாங்குனதே அதிசயம். தகட்ட கழட்ட முடிஞ்சா எலுமிச்சம் சாறோ வெள்ளை வினிகரோ ஒரு மூடி ஊத்தி அதுல அரை மணி நேரம் ஊற வெச்சு நல்ல தண்ணில அலசுங்க, பிரஷ்ஷோ ஊசியோ வேண்டாம், கிழிஞ்சிடும். பஞ்சுத் திரிய மாத்திடுங்க.

அந்த வெள்ளை மாவு மேஜையில மட்டும் படியல, நீங்க மூச்சுலயும் இழுத்துருக்கீங்க, அத யோசிங்க. நம்ம ஊரு போர் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தின்னுதான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. தண்ணிய கொதிக்க வெச்சு ஊத்தறேன்னு சிலர் சொல்றாங்க, கொதிக்க வெச்சா கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது, தண்ணி சுண்டுன அளவுக்கு அது கெட்டியாத்தான் ஆகும். புகை மிஷின்னா ஆர்.ஓ. கேன் தண்ணி மட்டும் ஊத்துங்க. அழுத்தற ஸ்ப்ரேன்னா ஒகேனக்கல் குழாய்த் தண்ணியே போதும். ஏசில இருந்து வடியற தண்ணி சுத்தம்னு நெனச்சு புடிச்சு வெக்காதீங்க, அது வர்ற வழியெல்லாம் அழுக்கும் பாசியும். எந்தத் தண்ணியா இருந்தாலும் ராத்திரி மிச்சத்த கொட்டிட்டு பாட்டில கவுத்து வெச்சிடுங்க, ரெண்டு நாள் தேங்குன தண்ணியப் போயி மூஞ்சில அடிச்சிக்காதீங்க.

கேள்வி: காவேரிப்பட்டணத்துல மாந்தோப்பு காவல் எங்களுது. டேங்க்ல ஐஸ் போட்டா இன்னும் குளுருமா?

பதில்: மூஞ்சில பட்ட ஒரு செகண்டு சுகமா இருக்கும், அவ்ளோதான். 1 கிராம் ஐஸ் உருகி உடம்புச் சூட்டுக்கு வர்ற வரைக்கும் எடுக்கறது 480 ஜூல், அதே 1 கிராம் ஆவியாகறப்ப எடுக்கறது 2400. ஐஸ குடிக்கற தண்ணில போட்டு குடிங்க. மத்தபடி மாங்கா பறிக்கறப்ப ஒரு கையில தொரட்டி இருக்கும், இன்னொரு கையில இத எங்க புடிப்பீங்க? ஈரத்துண்ட தலையில சுத்திக்கறதுதான் அந்த வேலைக்கு சரிவரும்.

கேள்வி: அரூர்ல இருந்து. போன வருஷம் அக்னி நட்சத்திரத்துல எங்கப்பா கொல்லையில மயங்கி விழுந்துட்டாரு. இந்த வருஷம் ஒரு மிஸ்ட் ஃபேன் வாங்கிக் குடுத்தா பயமில்லாம இருக்கலாமா?

பதில்: அப்படி நெனச்சிக்காதீங்க. நெழல்ல உக்காந்து ஓய்வெடுக்கறப்ப இது ஒத்தாசை பண்ணும், நேர் வெயில்ல கொத்தறவருக்கு இது காப்பு கெடையாது. தோல் 35 டிகிரி, காத்து 40-ன்னா காஞ்ச ஒடம்புல வெறும் ஃபேன் அடிக்கறது அடுப்புப் பக்கம் நின்ன கதை, சூட்ட உள்ளதான் தள்ளும். நனைச்சிட்டு அடிச்சாதான் பலன். 11 மணியில இருந்து 4 மணி வரைக்கும் கொல்லைக்கே போகாம பாத்துக்குங்க, ஸ்ப்ரே அடிக்கறதால தாகம் தெரியாம போகும், அதனால தண்ணிய நீங்களே கேக்காம குடுங்க. மறுபடி அந்த மாதிரி ஆகி, ஒடம்பு கொதிக்குது, பேச்சு ஒளறுது, இல்ல நெனவே இல்லன்னா ஃபேனத் தேடிட்டு நிக்காதீங்க. 108-க்கு போன், நெழலுக்குத் தூக்கிட்டு வந்து சட்டையக் கழட்டி கொடம் கொடமா மேல தண்ணி ஊத்தி விசிறுங்க. நெனவு இல்லாதவங்க வாயில மட்டும் தண்ணி ஊத்தாதீங்க.

கேள்வி: போச்சம்பள்ளி சந்தையில ஃபேன்சி ஐட்டம் கடை போடுவேன். இந்த ஃபேன் ஒரு பெட்டி மொத்தமா வருது, எடுக்கலாமா? எதப் பாத்து எடுக்கறது?

பதில்: ஒரு பீஸ தொறக்கச் சொல்லி தண்ணி ரொப்பி மூடிட்டு, கைக்குட்டை மேல தலைகீழா கால் மணி நேரம் வைங்க. கைக்குட்டை நனஞ்சா பெட்டிய திருப்பிக் குடுத்துடுங்க. அடுத்தது, தகட்ட கையாலயே கழட்டி மாட்ட முடியுதா, திரி தனியா கெடைக்குமான்னு கேளுங்க, இல்லன்னா மாசக் கடைசில அத்தன பேரும் உங்க கடைக்கே சண்டைக்கு வருவாங்க, காரிமங்கலத்துக்காரர் கதையப் படிச்சீங்கல்ல. சரக்க தார்ப்பாய் மேல வெயில்ல பரப்பி வெச்சே சார்ஜ் போட்டுக் காட்டாதீங்க, லித்தியம் செல்ல 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணக்கூடாது, வெயில்ல கெடக்கற கருப்பு பிளாஸ்டிக் அதத் தாண்டி எங்கேயோ போயிருக்கும். டெமோவுக்கு ஒரு பீஸ மட்டும் குடை நெழல்ல வைங்க, வர்றவங்க மூஞ்சில காட்டாம முழங்கைய நீட்டச் சொல்லி, நனைச்சிட்டு காத்தக் காட்டுங்க.