இரு பரிமாண உலகிலோ நான்கு பரிமாண உலகிலோ உயிர்கள் வாழ முடியுமா?

நீளமும் அகலமும் மட்டும் உள்ள உலகில் முதல் சிக்கலே சாப்பாடுதான். ஒரு தாளில் மீன் வடிவம் வெட்டி, உணவுக்குழாய் போல வாயிலிருந்து வால் வரை கத்தரித்துப் பாருங்கள். மீன் இரண்டு துண்டாகிவிடும்! ஆகவே அங்குள்ள உயிர் தின்ற வாயாலேயே கழிவையும் வெளியேற்ற வேண்டும். கேட்க ஒரு மாதிரி இருக்கிறதா? நம் கடலில் பெரும்பாலான ஜெல்லிமீன்கள் அப்படித்தான் வாழ்கின்றன. நரம்புகளின் பாடு இன்னும் மோசம், ஒன்றையொன்று வெட்டாமல் தாண்டவே முடியாது.

சரி, நான்கு பரிமாணம்? (காலத்தைச் சொல்லவில்லை, இடத்திலேயே இன்னொரு திசை.) அங்கே கயிற்றில் போட்ட முடிச்சு நிற்காது. இடது கால் செருப்பை அந்தத் திசையில் புரட்டினால் வலது கால் செருப்பாகிவிடும். வேடிக்கைதான், ஆனால் குடியிருக்க லாயக்கில்லை. தொலைவு இரட்டிப்பானால் நம் உலகில் ஈர்ப்பு கால் பங்காகும், அங்கே எட்டில் ஒரு பங்காகிவிடும். அந்தக் கணக்கில் கோள்களின் பாதை நிலைக்காது என்று 1917இல் இயற்பியலாளர் பால் எரன்ஃபெஸ்ட் காட்டினார். லேசாக ஒரு தள்ளு போதும், பூமி சூரியனில் போய் விழும், இல்லையென்றால் விலகி ஓடிவிடும்.