குவெட்சாலும் கொட்டைகளும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அக்டோபரில் கோஸ்ட்டா ரிக்காவின் மான்டெவெர்டே மேகக்காட்டுக்கு ஒருநாள் போயிருந்தேன். காலை ஏழரைக்கு உள்ளே நுழைந்து, பதினோரு கிலோமீட்டர் நடந்து, பதினான்கு வகைப் பறவைகளைப் பார்த்தேன். நான் தேடிப்போன பச்சைப் பறவை குவெட்சால் கண்ணில் படவேயில்லை. செல்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டும் பயனில்லை. பைனாகுலர் வேறு ஓயாமல் மங்கியது. சட்டைநுனியால் துடைத்தே அலுத்துப்போனேன். என்னுடையது 8×42. அடுத்தமுறை 10×42 வாங்கட்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேண்டாம். 8, 10 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 10ஆல் வகுத்தால் 4.2, 8ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது, மில்லிமீட்டரில். மேகம் மூடிய காட்டின் அரையிருட்டில் பழுப்புக் குருவியைப் பாசியிலிருந்து பிரித்துக்காட்ட அந்த ஒரு மில்லிமீட்டர் வேண்டும். சட்டைநுனியைக் கண்ணாடியிடம் கொண்டுபோகாதீர்கள். துணியில் ஒட்டிய மண்துகள் மேற்பூச்சைக் கீறிவிடும். பைனாகுலர் பேச்சு இத்தோடு போதும்.

என்னை எழுத வைத்தது அந்தப் பதினோரு கிலோமீட்டர்தான். பறவை பார்க்கப் போகிறவர்கள் ஏன் மரத்தைப் பார்ப்பதில்லை என்று கொஞ்சநாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினான்கு வகையை எண்ணி வைத்திருக்கிறீர்கள். எந்த மரம் காய்த்திருந்தது என்று ஒரு வரி உண்டா?

குவெட்சாலின் பிழைப்பு அவகாடோ குடும்பத்துக் காட்டு மரங்களை நம்பி நடக்கிறது. பழங்கள் சின்னவை, சில இனங்களில் சிவந்த கிண்ணம் போன்ற காம்பில் பொருந்தி நிற்கும். பறவை பாய்ந்து சென்று பறந்தபடியே பழத்தைப் பறிக்கும், கிளைக்குத் திரும்பி முழுசாக விழுங்கும். சதை கரைந்ததும் கொட்டையை வாய்வழியே கக்கிவிடும். ஆகவே முதலில் தரையைப் பாருங்கள். சதை துளியும் ஒட்டாத, பற்குறி இல்லாத கொட்டைகள் ஒரே கிளைக்கடியில் ஏழெட்டு கிடந்தால் அது ஏதோ ஒரு பறவை வழக்கமாக உட்காரும் இடம். ஈரத்தை வைத்துப் புதுசா பழசா என்று தீர்மானிக்க முடியாது, அங்கே எல்லாமே ஈரம்தான். மண்ணில் புதையாமல், பாசி ஏறாமல், உதிர்ந்த இலையின்மேல் கிடக்கிறதா என்று பாருங்கள். மணிப்பறவையும் சிறிய டூக்கனும் இதேபோல் கக்கும். யார் வந்தாலும் உங்களுக்கு லாபம்.

மரம் அகப்பட்டதும் அடியில் போய் அண்ணாந்து நிற்காதீர்கள். வெள்ளை வானத்துக்கு எதிரே எந்தப் பறவையும் கறுப்பு நிழல்தான். சரிவில் மேலே ஏறி, மரத்தின் உச்சி உங்கள் கண்மட்டத்துக்கு வரும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள், பதினைந்து இருபது மீட்டர் தள்ளி. ஒன்றரை மணி நேரமாவது அங்கேயே. குவெட்சால் அசையாமல் நிமிர்ந்து உட்காரும். பச்சை முதுகு நம் பக்கம் திரும்பியிருந்தால் நனைந்த இலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. தண்டிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கிளையாகப் பார்வையை நகர்த்துங்கள். தொங்கும் தோகையை நம்பித் தேடாதீர்கள். இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் ஆண் அதை உதிர்த்துவிடும்.

நிற்பதில் இன்னொரு ஆதாயம். அந்தக் காட்டில் சிறுபறவைகள் பல இனங்களாகச் சேர்ந்து கூட்டமாக நகரும். அரைமணி நேரம் இலைகூட அசையாது, பிறகு சில நிமிடங்களில் இருபது முப்பது பறவைகள் கடந்துபோகும். நடந்துகொண்டே இருப்பவர் காலடிச் சத்தத்தில் அவற்றின் முதல் கீச்சொலியைத் தவறவிடுவார்.

செல்பேசிக் குரல் விஷயத்தில் கோபம் வருகிறது. அந்தக் குரலைக் கேட்கும் ஆண் தன் எல்லைக்குள் வேறோர் ஆண் நுழைந்துவிட்டதாக எண்ணும். கூட்டைக் காக்கும் வேளையில் அதை விரட்டப் பறந்துவந்தால் முட்டைக்கும் குஞ்சுக்கும் யார் காவல்? அக்டோபரில் அதற்கும் வழியில்லை, வீண் சத்தம். இனப்பெருக்கம் முடிந்ததும் பெரும்பாலானவை பழத்தைத் தேடி இறங்கிவிடுகின்றன: முதலில் பசிபிக் சரிவு, பிறகு முகடு தாண்டி அட்லாண்டிக் சரிவு. நீங்கள் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறீர்கள்.

மார்ச், ஏப்ரலில் போங்கள், ஏழரை மணி ரொம்பத் தாமதம். எந்த மரம் காய்த்திருக்கிறது என்று முந்தின நாள் மாலையே வழிகாட்டியிடம் கேட்டு வையுங்கள். கொட்டைகளை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள், பைக்குள் வேண்டாம்.