தோட்டச் சாலைக்குக் காரை எவ்வளவு இறக்கலாம்?

கேள்வி: என் மைவி காரை 60 மில்லிமீட்டர் இறக்க ஆசை. ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டினால் போதும் என்கிறார் பட்டறைக்காரர். வீடு செம்பனைத் தோட்டத்துக்குள். செய்யலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: 60 வேண்டாம். உங்கள் சாலைக்கு 25, மிஞ்சினால் 30. முதலில் வீட்டார் எல்லாரும் ஏறி, டேங்க்கும் நிறைந்திருக்கும்போது, வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். பழக்குலை லாரிகள் ஓடிய மண்சாலையில் இரு தடங்களுக்கும் நடுவே மேடு எழும்பியிருக்கும். அதன் உயரத்தையும் அளக்க வேண்டும். இறக்கிய பிறகும் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 50 மில்லிமீட்டர் மிஞ்சட்டும். குழியில் விழுந்தால் வண்டி அமுங்குமே!

ஸ்பிரிங்கை வெட்ட மட்டும் விடாதீர்கள். சுற்று குறைந்தால் விறைப்பு கூடும். வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விட்டு நழுவலாம். நெருப்பில் சுட்டு இறக்குவது அதைவிட மோசம், எஃகின் பதமே போய்விடும். உங்கள் மாடலுக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங் வாங்குங்கள். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் அப்சோர்பரில் எண்ணெய் கசிந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பலரும் கவனிக்காதது ஒன்று: ஸ்பிரிங் மாற்றும்போது லோவர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கும் கை) புஷ், அதாவது அதன் மூட்டிலுள்ள ரப்பர் உருளை, அதன் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, சக்கரம் தரையில் ஊன்றிய பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

இரண்டு வாரத்தில் ஸ்பிரிங் படிந்ததும் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணம், பாருங்கள். விட்டால் டயரின் உள்விளிம்பு தேயும். முன்விளக்கின் கோணத்தையும் அப்போதே சரிசெய்யுங்கள்.